வினாயகபுரத்துக்குக் கடவுச்சொல் கொண்டுபோன பயணம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு மருதமுனையில் பஸ் ஏறினேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் கதைக்க, போன் எழுதித் தருகிறது. பிழை இருந்தால் போனை ஏசுங்கள்.

மழைக்கு முன் வினாயகபுரத்து மீனவர் சங்கத்தில் என் மருமகள் ஸஃபானா ஒரு பயர்வோல் பொருத்திப் பூட்டினா. இணையத்தில் வருவதை வாசலில் மறித்து, பட்டியலில் உள்ளதை மட்டும் உள்ளே விடும் பெட்டி. ஆழ்கடல் போட்டுகள் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் கம்பனி அந்தச் செவ்வாய் விடியற்காலை தன் இணைய விலாசத்தை மாற்றியது, பெட்டி மறித்துவிட்டது. திரை வெறுமை. புது விலாசத்தைச் சேர்க்கக் கடவுச்சொல் வேண்டும். எழுதி வைத்த கொப்பி மழையில் ஊறிப்போயிற்று. ஸஃபானா பிள்ளை பெற்று ஆறு நாள், அவவுக்கும் நினைவில்லை.

பூட்டிய அன்று அவ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லித் தட்டினா. ஏணி பிடிக்கப் போன நான் பக்கத்தில் இருந்தேன். குர்ஆனை அர்த்தம் தெரியாமலே ஓதிப் பழகிய காது. இருபத்தொரு சத்தமும் உள்ளே கிடந்தன. சங்கத்துக்குப் போனில் நாலு தரம் சொன்னேன், நாலும் பிழை. ஐந்தாவதும் பிழைத்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

"அண்டைக்கு இருந்த கதிரையிலயே போய் இருந்து சொல்லிப் பாருங்க, மாமா," என்றா ஸஃபானா.

அக்கரைப்பற்றுக்குச் சுமார் முப்பது கிலோமீற்றர், ஒரு மணி பத்து நிமிடம். இடப்பக்கம் இருங்கள், காரைதீவு தாண்டத் தென்னைகளுக்கிடையில் கடல் வந்து வந்து மறையும். வெயில் கண்ணாடியில் தண்ணீர்போல் ஆடியது. அட்டாளைச்சேனையில் என் கண் செருகிவிட்டது, வாய் மட்டும் எழுத்துகளை முணுமுணுத்தது.

"என்ன சூறா காக்கா இது?" என்றார் பக்கத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

"இது வேற பாடம், தம்பி."

அக்கரைப்பற்றில் பஸ் மாறித் திருக்கோவில். அங்கிருந்து ஆட்டோ நானூறு ரூபாய். பதினொன்றரைக்குச் சங்கத்தில் நின்றேன். எழுதுவினைஞர் ஜீவாவோடு கமலா இருந்தா. அவட புருஷன் கடலுக்குப் போய் நாலு நாள்.

"உங்கட வாயத்தான் பாத்துக்கொண்டிருக்கன், காக்கா," என்றா.

அதே கதிரை. அதே கிறீச்சிடும் காத்தாடி. இருண்டிருந்த திரையை எழுப்ப ஜீவா விசைப்பலகையின் நீளக் கட்டையை அமத்தினான். டொக்.

என் முதுகு நிமிர்ந்தது. "தம்பி, இந்தச் சத்தம்! ஒன்பதாவது எழுத்துக்குப் பிறகு கமலா தேத்தண்ணி கொண்டு வந்தா. ஸஃபானா சீனி வேணாம் எண்டா. அந்த நேரம் வாயால ஒண்டும் சொல்லல்ல. டொக் எண்டு இது மட்டும் கேட்டது."

"வெற்றிடமா?" ஜீவா விசைப்பலகையைக் கிட்ட இழுத்தான். நான் சொல்ல அவன் தட்டினான். ஒன்பதுக்குப் பிறகு டொக்.

திறந்தது. விலாசத்தைச் சேர்த்துக் கொஞ்ச நேரத்தில் நீலத்திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விரிந்தன. மூன்றாவது, கமலா வீட்டுப் போட். மூக்கு கரைப்பக்கம்.

"வாறார்," என்றா கமலா. பிறகுதான் அழுதா.

போகிறவர்கள் அக்கரைப்பற்றிலேயே சாப்பிடுங்கள், குடை கொண்டு போங்கள். பெட்டி பூட்டுகிறவர்கள் கடவுச்சொல்லை நனையாத இரண்டு இடங்களில் வையுங்கள். என் போன்ற கிழவன் காதில் வைக்காதீர்கள்.

ஜீவா வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் புதுக் கடவுச்சொல் போடத் தொடங்கியதும் நான் எழும்பினேன்.

"எங்க காக்கா? இரிங்க."

"காதில விழுந்தா எனக்கு மறக்காது, தம்பி."

அலைச் சத்தம் எல்லாவற்றையும் மூடுகிற இடம் வரைக்கும் நடந்து போய், கரையில் நின்றேன்.