காந்தம் பிடித்த விளக்கு

தக்ஷாபென்னை நான் முதலில் பார்த்தது, ஜாம்நகரின் தரேட் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பித்தளை உருக்காலையின் வாசலில். காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"கையளவு துண்டுதான் பாய் கேக்கறேன், பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த. உங்க ஆலையவா தூக்கிட்டுப் போறேன்?"

சோதனைக்கூடத்திலிருந்து செம்பு, அலுமினியம், துத்தநாகம், பித்தளை என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அதை வாங்கும்போதும் அவள் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். என் வீட்டில் நான். அதனால் பேச்சு ஒட்டிக்கொண்டது. மீதியெல்லாம் பிறகு அவளே சொன்னது.

அவள் தெருவில் காலையில் லாரி வந்து கலப்புப் பழைய உலோகத்தை வாசல்தோறும் கொட்டிவிட்டுப் போகும். பெண்கள் கையில் காந்தத்தோடு உட்கார்ந்து பிரிப்பார்கள். காந்தம் பிடித்தால் இரும்பு. பித்தளை உலைக்கு அது ஆகாது. குப்பையோடு தள்ளிவிட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு எழுத்து வருவதற்கு முன்பே இது கைக்கு வந்துவிடும்.

அதில்தான் வந்தது வினை. ஆறாம் வகுப்பில் உலோகங்களின் வகைகள் பாடம். தக்ஷா மேசையில் துண்டுகளைப் பரப்பி, "உலோகத்தை மட்டும் தனியா எடுத்து வைங்க" என்றாள். கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துவிட்டார்கள். ஆணிகள் மட்டும் ரப்பரோடும் பிளாஸ்டிக்கோடும் கிடந்தன.

"ஏண்டா, ஆணி உலோகம் இல்லையா?"

"அதக் காந்தம் பிடிக்குது தக்ஷாபென். குப்பை."

"யார் சொன்னா?"

"உங்க பா கூட அப்படித்தானே தள்ளி வைக்கறாங்க!" என்றாள் சேஜல் என்ற வாயாடிப் பெண். அங்கே 'பா' என்றால் அம்மா. வகுப்பே சிரித்தது.

அந்த வாரமே கல்வி அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. தக்ஷாவின் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அதிகாரி வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்; தலைமையாசிரியர் ஹர்சுக்பாய் அவள் பெயரை மேலே அனுப்ப வேண்டும். இரண்டும் கூடி வந்தால்தான் அடுத்த ஆண்டும் அவள் டீச்சர்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது கம்பு ரோட்லாவைப் பிட்டபடியே எழுந்து நடப்பாள்; உட்கார்ந்தால் துப்பட்டா நுனியைத் திருகுவாள்.

"உக்காருடி, தரை தேஞ்சுடப் போகுது" என்றாள் அவள் அம்மா, குவியலிலிருந்து தலை தூக்காமல்.

"பிள்ளைங்க இரும்பக் குப்பைன்னு சொன்னா என் வேலையும் குப்பைக்குத்தான் பா போகும்."

"வேணும்னா நானே வந்து சாஹேப்கிட்ட சொல்றேன், இரும்பு ரொம்ப நல்ல பிள்ளைன்னு."

"உனக்கு விளையாட்டா இருக்கு!"

தினமும் வகுப்பில் அதையே ஓதினாள். காந்தம் பிடித்தாலும் உலோகம், பிடிக்காவிட்டாலும் உலோகம்.

அதிகாரி வந்தார். ஹர்சுக்பாய் ஒரு பித்தளை விளக்கைப் பரிசளித்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று வகுப்பு மேசைமேலேயே வைத்தார். பாடம் தடங்கலில்லாமல் ஓடியது. அதிகாரி சேஜலை எழுப்பினார்.

"பித்தளைன்னா என்னம்மா?"

"செம்பும் துத்தநாகமும் சேந்தது சாஹேப். உலோகக் கலவை."

"சபாஷ்! அப்ப இந்த விளக்கு?"

அந்தத் தெருவில் காந்தம் வைத்துப் பார்க்காமல் யாரும் பித்தளை என்று சொல்ல மாட்டார்கள். சேஜல் மேசையிலிருந்த காந்தத்தை எடுத்து விளக்கருகே கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

சேஜல் தக்ஷாவைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள்.

"இது இரும்பு சாஹேப், மேலதான் பித்தளைப் பூச்சு. ஆனா குப்பை இல்ல. இரும்பும் உலோகம்தான்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹர்சுக்பாயின் முகம் கறுத்துவிட்டது.

"காந்தம்தான் கெட்டுப்போயிருக்கும். தக்ஷாபென், நீங்க சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பெயர் மேலே போய்விடும். சேஜல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தக்ஷா துப்பட்டாவைத் திருகினாள், விட்டாள், மறுபடி திருகினாள். பிறகு காந்தத்தைப் பிடுங்கிப் பித்தளைத் துண்டில் வைத்தாள், ஒட்டவில்லை. ஆணியில் வைத்தாள்; ஒட்டியது.

"காந்தம் நல்லாத்தான் இருக்கு சாஹேப். பொண்ணு சொன்னது சரி."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்றார். போகும்போது விளக்கையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

ஹர்சுக்பாய் அந்த ஆண்டு அவள் பெயரை அனுப்பவில்லை. சில மாதங்கள் அம்மாவோடு குவியல் முன்னால் உட்கார்ந்து பிரித்தாள். அங்கேயும் நிமிடத்துக்கொரு தரம் எழுந்து நடந்தாளாம்.

இப்போது நகரின் மறுகோடியில் வேறொரு பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சராக இருக்கிறாள். அதே ஆண்டு ஒப்பந்தம்தான். இந்த ஆண்டுக்கான உத்தரவு இன்னும் வரவில்லை.