எஸ்தர் முதுகில் ஒட்டிய சிவப்பு அம்பு

சபையாரே, என் மனைவி எஸ்தரின் முதுகில் இருந்த சிவப்பு அம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உங்களில் பலர். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒட்டியவன் நான்தான். அந்தக் கதையையும், ஆண்டவர் அதில் எனக்குச் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பிறர் குற்றத்தைக் காட்டுவதற்குச் சம்பளம். இதைவிடச் சுகமான உத்தியோகம் உண்டா? போன மே மாதக் கடைசியில் சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலையே இல்லாதவன் மணி பார்த்து என்ன செய்வான்? மிச்சமிருந்த ஸ்டிக்கர் ரோலை நானாகவே பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் தூங்கினேன். பிறகு வீட்டில் செக்கிங் ஆரம்பமானது. கருகிய தோசையில் ஓர் அம்பு. திரைச்சீலையின் கோணல் மடிப்பில் ஒன்று. துலக்கிய குண்டாவில் இரண்டு. தமாஷ் என்றுதான் நினைத்தேன். எஸ்தர் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. ஆராதனைக்குக் கிளம்பி எனக்கு முன்னால் நடந்தாள். ரவிக்கையின் பின்பக்கம், வலது தோளில் தையல் விட்டிருந்தது. என் கை தானாகப் பைக்குள் போனது, தானாக ஒட்டியது. அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். மற்றது உங்களுக்குத் தெரியும். பெண்கள் பக்கம், இரண்டாவது வரிசை, பிரசங்கம் முடியும்வரை அந்த அம்பு.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை.

"முப்பது வருசமா இந்த ஊட்ட ஒத்தையில நடத்துனனுங்க. அப்பெல்லாம் செக்கிங்குக்கு ஆள் வரலீங்களே" என்றாள். சாயங்கால பஸ்ஸில் பொங்கலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜெபித்தேன். "ஆண்டவரே, அவள் பிடிவாதத்தை மாற்றும், முன்கோபத்தை மாற்றும்" என்று வரிசையாகச் சொன்னேன். மூன்றாவது வாரம்தான் உறைத்தது. நான் அவளுக்காக ஜெபிக்கவே இல்லை. பரலோகத்தில் உட்கார்ந்து அவளைச் செக்கிங் செய்துகொண்டிருந்தேன். போன் செய்தால் மகள், "அம்மா வரமாட்டேங்குதுப்பா" என்பாள். வீட்டில் சத்தம் போடுவது அந்தக் கடிகாரம் மட்டும். யாருக்கும் வேண்டாதவனாகச் செத்துப்போவேனோ என்று பயம் வந்தது. அழுதேன். "கர்த்தாவே, அவளைத் திருப்பித் தாரும். அதற்கு நான் லாயக்கில்லை என்றால், இந்தக் கைக்கு ஒரு வேலையாவது தாரும்."

மறுநாள் காலை அடுத்த தெருச் செல்வி பனியன் மூட்டையோடு வாசலில் நின்றாள். கம்பெனியிலிருந்து எடுத்து வந்து, வீட்டில் வைத்துப் பிசிறு நூல் வெட்டிக் கொடுக்கிறவள்.

"ஏனுங்க சார், அத்தனையும் திருப்பி உட்டுட்டாங்க. எங்க தப்புன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க பாத்துச் சொல்றீங்களா?"

ஸ்தோத்திரம் என்று வாயைத் திறந்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"என்னயத் தெரியலீங்களா? உங்க கம்பெனியிலதான் இருந்தனுங்க. என்ற முதுகுல நீங்க ஸ்டிக்கர் ஒட்டியுட்டீங்க, தையல் லைனே சிரிச்சுதுங்க. அடுத்த நாள்லயிருந்து நான் வரலீங்க."

எனக்கு நினைவே இல்லை. இன்றுவரை கசப்பது அதுதான். அப்படி எத்தனை முதுகுகளோ! நான் தமாஷ்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க. சாயங்காலத்துக்குள்ள மூட்டை போயாகோணும்."

உட்கார்ந்தோம். நான் அம்பு ஒட்டிய இடத்தில் அவள் வெட்டினாள். வெட்டியதும் அம்பை நான் பிய்த்தேன். ஒட்டியதை நானே பிய்த்தது வாழ்நாளில் அன்றுதான். அந்த மூட்டை திரும்பி வரவில்லை.

இப்போது ஐந்து பெண்கள் மூட்டையோடு வருகிறார்கள். நானும் பிசிறு வெட்டப் பழகுகிறேன். முதல் வாரமே ஒரு பனியனில் ஓட்டை போட்டேன். செல்வி என் சட்டையில் அம்பை ஒட்டி, "சார் ரிஜெக்ட்டுங்க!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒட்டப்பட்டவனுக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்கும் என்பது அறுபது வயதில் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எஸ்தர் பையோடு வந்து இறங்கினாள். "நீங்க பிசிறு வெட்டறீங்களாமா? நெசமான்னு பாக்க வந்தனுங்க." பார்த்தாள். இருந்துவிட்டாள்.

வேலை கேட்டேன், கொடுத்தார். மனைவியைக் கேட்டேன், கொடுத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் அவள் கை இன்றும் ஒருமுறை பின்னால் போய் வலது தோளைத் தடவிப் பார்க்கிறது. நான் போட்டுவிட்ட அந்தத் தையலை என்னால் பிரிக்க முடியாது. அதையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெறப்போகிற சகோதரர்களே, தைரியமாகக் கேளுங்கள், கொடுப்பார். யார் கையில் கொடுத்தனுப்புவார் என்பதற்கு மட்டும் கொஞ்சம் பயந்திருங்கள். எஸ்தர் கை பின்னால் போகும்போது, நீங்கள் வேறு பக்கம் பாருங்கள்.