பிழையான வளவில் நின்று அழுதவள்

நான் ஒரு பெண்ணை யாரோ ஒருவருடைய வெறும் வளவில் கொண்டுபோய் நிறுத்தி, "இதுதான் உங்கட வாப்பாவின்ர காணி" என்று சொன்னேன். அது பொய். அவளுடைய தகப்பனின் காணியில் குடியிருப்பவன் நான்.

சொல்லிவிட்டேன். சொன்னால் நெஞ்சுப் பாரம் குறையும் என்பார்கள்... அப்படி ஒன்றும் குறையவில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். அறிந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

முல்லைத்தீவுப் பழைய நகரத்தில் தபால்காரனாக இருந்தவன் நான். கடற்கரையில் எங்கள் தேவாலயம். அதற்கு இப்பால், படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய சம்மாட்டிமாரின் வீடுகள். பிறகு பிள்ளையார் கோயில் வீதி. சந்தியில் ஒரு சிங்கள முதலாளியின் பேக்கரி. அதைத் தாண்டினால் பள்ளிவாசலும் தையற்கடைகளும். ஒரு சைக்கிள் ஓட்டத்தில் நான்கு வேதத்துக்காரருக்கும் கடிதம் கொடுத்து முடித்துவிடுவேன். நோன்பு மாதம் என்றால் கஞ்சி குடிக்காமல் என்னைப் பள்ளிவாசல் வீதியால் போகவிடமாட்டார்கள்.

இன்று அங்கே அந்தக் காலத்துச் சுவர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. போர் பாதியைத் தின்றது, கடல் பாதியைத் தின்றது. அதனால்தான் வெளியூரிலிருந்து பழைய ஊரைப் பார்க்க வருகிறவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஒழுங்கை ஒழுங்கையாக நடத்திக் கூட்டிச்செல்வேன். வெறும் மணலைக் காட்டி, இங்கே இன்னார் இருந்தார், அவருக்கு மாதம் ஒரு கடிதம் வரும் என்பேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு தவறமாட்டேன் என்று பீற்றிக்கொள்வேன். எவ்வளவு திமிர் எனக்கு!

ஹனீபா தையற்காரர். என் காக்கிக் காற்சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. தொண்ணூறில், ஊரை ஆயுதத்தோடு ஆண்ட இயக்கம் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, ஆளுக்கொரு பையோடு அவரும் குடும்பமும் நடந்து போனதை நான் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டு நின்றேன்... அவ்வளவுதான் செய்தேன்.

பல வருடங்கள் கழித்து, போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பினேன். கடலோரத்தில் இருந்த என் காணியில் மறுபடி வீடு போட மனம் வரவில்லை. சுனாமி அன்று என் மகனைக் கடல் அங்கிருந்துதான் கொண்டுபோனது. ஹனீபாவின் வளவு பற்றை பிடித்துக் கிடந்தது. கிணறு மட்டும் நல்ல தண்ணீரோடு இருந்தது. "அவையள் புத்தளத்தில ஊன்றியிட்டினம், இனி வரமாட்டினம்" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட உரத்துச் சொன்னவன் நான்தான்.

அங்கேயே வீடு போட்டேன். அந்தக் கிணறு ஒரு பங்குக் கிணறு. இரண்டு வளவின் எல்லையில் கிணறு இருக்கும். நடுவால் மதில் போகும். இரண்டு வீட்டாரும் அவரவர் பக்கத்தில் நின்று ஒரே தண்ணீரை அள்ளுவார்கள். பக்கத்து வளவு வாத்தியார் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. தண்ணீர் மோட்டார் பூட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி அந்த மதிலை இடித்தேன். இடைஞ்சல் மோட்டாருக்குத்தானா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் ஹனீபாவின் மகள் நஸீரா வந்து இறங்கினாள். போனபோது பத்து வயது. இப்போது தலைமுடியில் நரை. கையில் ஒரு பை, அதற்குள் ஒரு மாதுளங்கன்று. வாப்பா மௌத்தாக முன்னம், தன் கடைசி நாட்களில் பதியம் வைத்த கன்று என்றாள்.

"போஸ்மன் மாமா, எங்கட வீடு இருந்த இடத்தைக் காட்டுவியளே? எனக்குக் கிணறு ஒண்டுதான் ஞாபகம். நடுவால மதில் போகும். அங்கால வீட்டு அக்காவின்ர வாளியும் என்ர வாளியும் உள்ளுக்குள்ள முட்டும். அப்ப ரெண்டு பேரும் சிரிப்பம்."

"வாங்கோ பிள்ளை, நடப்பம்" என்றேன்.

நடத்தினேன். அந்தச் சின்ன ஊரில் இரண்டு மணி நேரம் அவளை நடத்தினேன்! தேவாலயத்தைக் காட்டினேன். பேக்கரி இருந்த மூலையைக் காட்டினேன். அவள் அந்த இடத்தில் நின்று, "சீனிப் பாண் மணக்கும், என்ன மாமா?" என்றாள். பள்ளிவாசலுக்குப் போனோம். ஒவ்வொன்றையும் நீட்டி முழக்கினேன். களைத்துத் திரும்பிப் போய்விடமாட்டாளா என்று உள்ளுக்குள் ஏங்கினேன். அவளுக்கோ நடக்க நடக்க முகம் மலர்ந்தது.

பள்ளிவாசலின் பின்னால் ஒழுங்கை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் திரும்பினால் நாலாவது படலை என்னுடையது. வலப்பக்கம் ஒரு வெறும் வளவு; அந்தக் குடும்பத்தில் எவரும் மிஞ்சவில்லை. கால் தானாகவே வலப்பக்கம் திரும்பியது என்று எழுத எனக்கு ஆசை. இல்லை... யோசித்துத்தான் திரும்பினேன். ஒரு கடிதத்தைக்கூட வீடு மாறிப் போடாதவன், ஒரு மனுசியைக் கொண்டுபோய் மாறிப் போட்டேன்.

அங்கேயும் ஒரு கிணறு இருந்த பள்ளம் உண்டு. "கடல் வந்தபோது மண் மூடிப்போட்டுது பிள்ளை, மதிலும் போயிட்டுது" என்றேன்.

அவள் அந்த மணலில் அப்படியே அமர்ந்துவிட்டாள். இரண்டு கைகளையும் ஏந்தித் துஆக் கேட்டாள். பிறகு சத்தம் போட்டு அழுதாள். நான் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை... "பிள்ளை, இது இல்லை" என்ற ஒரு வார்த்தை! அதை நான் சொல்லவில்லை.

அவளே மண்ணைத் தோண்டிக் கன்றை நட்டாள். "வாப்பா அடிக்கடி சொல்லுவார், போஸ்மனுக்குத் தெரியாத வீடு ஊரில இல்லையெண்டு. நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் மாமா காட்டியிருப்பினம்?" என்று கண்ணைத் துடைத்தாள். காணியைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தாளா? தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் இல்லையென்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? அதையும் உங்களிடமே கேட்கிறேன்.

வீடு போய்விடும் என்ற பயத்தில் சொன்ன பொய் அது. ஆனால் நான் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டியது வேறொன்று.

அவள் போன நாள் முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு என்னைத் தொலைபேசியில் அழைக்கிறாள். கன்று எப்படி, நீங்கள் சாப்பிட்டீர்களா, கால் வீக்கம் குறைந்ததா என்று கேட்பாள். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகள் லண்டனில், நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் பேசுவாள். மற்ற நாட்களில் என் வீட்டில் பேச்சுச் சத்தம் வானொலியில் வருவதுதான். வியாழக்கிழமையே தொலைபேசிக்கு மின்னேற்றி வைத்துக் காத்திருக்கிறேன்... எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது வீட்டைப் பற்றிய பயம் எனக்கு இல்லை. இந்த வயதில் இந்தக் கூரையை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? உண்மையைச் சொன்னால் அந்த அழைப்பு நின்றுவிடும். அதற்குத்தான் பயம். அவளுடைய மண்ணை எடுத்தேன்; அது போதாதென்று அவளுடைய பாசத்தையும் ஏமாற்றி வாங்கிக்கொண்டிருக்கிறேன். எது பெரிய களவு?

நேற்று வெள்ளிக்கிழமை.

"மாதுளங்கண்டு திரும்பவும் துளிர்த்திட்டுது பிள்ளை, ஏழு புது இலை" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! இந்த வெயிலுக்குள்ள தண்ணிக்கு என்ன மாமா செய்யிறியள்? அங்க கிணறும் மூடிப்போச்சே!"

"நான் வாளியில கொண்டுபோய் ஊத்திறன்."

"எங்கயிருந்து மாமா, தூரமே?"

தொலைபேசியைக் காதில் வைத்தபடி முற்றத்தைப் பார்த்தேன். கிணற்றுக்கட்டில் வாளி இருந்தது.

"தூரமில்லை பிள்ளை" என்றேன். "என்ர கிணத்திலயிருந்துதான்."