நான் இல்லாமலே நடந்த என் வகுப்பு

மைசூரில் ஒரு நர்சிங் கல்லூரிக்காக ஆன்லைன் பாடங்களைப் பதிவு செய்து கொடுத்தேன். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து, கொள்ளேகால் பஸ்ஸில் ஒரு மாணவி, "மேடம், நேத்துதான் உங்க கிளாஸ் கேட்டேனுங்க. குழந்தைங்களுக்கு மருந்து அளவு நல்லாப் புரிஞ்சுதுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பாடத்தில் சொன்ன அளவை மருத்துவத் துறையில் எப்போதோ மாற்றிவிட்டார்களே!

மறுநாளே கல்லூரிக்கு ஓடி, அந்த வீடியோவை நீக்கச் சொன்னேன்.

"ரூல்ஸ் பிரகாரம் வீடியோ காலேஜுக்குத்தான் சொந்தம், மேடம்" என்றார் பிரின்சிபால்.

"இருக்கட்டும் சார். அந்த அளவுல ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுட்டா யார் பதில் சொல்றது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. என் கண்ணெதிரிலேயே வீடியோவை நீக்க வைத்தார். நல்லவேளை, அந்த மாணவிகள் இன்னும் வார்டுக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம், பாடத்தைத் திருத்தவும் நிறுத்தவும் எனக்கு உரிமை உண்டு என்று எழுதித் தந்தால்தான் கேமரா முன் உட்காருகிறேன்.

- ஒரு வாசகி, மைசூர்