நேற்றே வந்து போனவள்

நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. விடுதியில் யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் "போய்த் தூங்குங்கடி" என்று விளக்கை அணைக்கிறவளே நான்தான். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது.

அப்போது செங்கல்பட்டில் பி.ஏ. சமூகவியல், கடைசி வருடம். கடல் அரிப்பால் மீனவப் பெண்களின் பிழைப்பு எப்படி மாறியது என்று தனியாக ஓர் ஆய்வு எடுத்திருந்தேன், வகுப்பில் வேறு யாரும் அந்தத் தலைப்பைத் தொடவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாகப் போகிறேன், கையில் முப்பது கேள்வித்தாள், வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் ஒரு செமஸ்டரே போய்விடும்.

முதல் வீட்டில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த செல்வி அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, நேத்துதான எல்லாத்தையும் கேட்டு எழுதிகினு போன, மறுபடியும் வந்துகீற?"

வேறு கல்லூரிப் பெண்ணாக இருக்கும் என்று சிரித்தேன். அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. அதற்கடுத்த வீட்டில் என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், திங்கட்கிழமை முழுக்க நான் கல்லூரியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். செல்வி அக்காவிடமே திரும்பி வந்தேன்.

"அக்கா, நேத்து வந்தது நான் இல்லக்கா."

கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அப்போ அது சொன்னது நெசந்தானா?"

"என்ன சொன்னா?"

"'நாளைக்கு என்னாட்டமே ஒருத்தி வருவா, அது நான் இல்ல, அவளாண்ட வாயத் தொறக்காதீங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சும்மா. வெளாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஆய்வைப் பார்த்துக்கொண்ட மேடத்திடம் காரணம் சொல்லாமல் அழுதேன், வேறொரு குப்பத்தில் இரண்டு நாள் வெயிலில் அலைந்து எப்படியோ முடித்துக் கொடுத்தேன், தேறியும் விட்டேன். இப்போது மறைமலைநகரில் வேலை.

போன மாதம் மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் செல்வி அக்கா மீன்கூடையோடு எதிரே வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நீ எந்தப் பொண்ணும்மா?"

"நான்தான்க்கா" என்றேன்.

அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.