கிணறு கேட்கப் போகிறவள்

செமிலிங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். மழைக்கு ஒதுங்கிப் பால் கொட்டகையில் நிற்கிறேன். ஆற்றுத் தண்ணீரைக் குடித்து லயத்து வீடுகளில் பிள்ளைகளுக்குப் பேதி. தோட்டத் துரையிடம் கிணறு கேட்கப் போக, கூடியிருக்கும் தொழிலாளர்கள் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எதற்கும் முதலில் பாயும் முத்தன் வேண்டாமாம். எல்லோரும் முன்னால் நிற்கும் அஞ்சலைக்கே கை தூக்குகிறார்கள்.

“ஏன் பிள்ளை, முத்தன் பயமில்லாத ஆள்தானே?” என்று பக்கத்தில் நிற்கும் பால்வெட்டுக்காரியைக் கேட்கிறேன்.

“அவன் எடுத்ததுமே சண்டைக்கு நிப்பானுங்கய்யா. துரை வெரட்டிட்டா அப்பறம் கெணத்த யாரு கேக்குறது? அஞ்சல பதமா நின்னு கேப்பா.”

கோழைக்கும் முரடனுக்கும் நடுவில் நிற்பவனே வீரன் என்ற கிரேக்கர் பாடத்தை யாழ்ப்பாணத்தில் பரீட்சைக்காக மனனம் செய்தவன் நான். அந்தக் கிரேக்கரின் சபையில் பெண்களுக்கு இடமே இல்லை.

பிரம்போடு கங்காணி உள்ளே வருகிறார். கைகள் சட்டென்று இறங்குகின்றன.

“அஞ்சலைக்கா கை தூக்குனீங்க? இப்ப என் முன்னால தூக்குங்க, பாப்போம்.”

ஒரு கையும் எழவில்லை. முத்தன் தரையைப் பார்க்கிறான். கங்காணி சிரிக்கிறார்.

அஞ்சலை தனக்குத்தானே கை தூக்குகிறாள்.  தூக்கிய கையை இறக்கவில்லை.

என் பக்கத்தில் நிற்பவள், தானும் கை தூக்குவதற்காகப் பால் வாளியைக் கீழே வைக்கிறாள்.