இடது தோளில் தெரிந்த வலி

காய்ச்சல் விட்ட மறுநாள், இடது தோள் வலிக்கிறது என்றார் என் கணவர். உங்கள் வீட்டிலும் யாருக்காவது மலேரியா என்றால், இந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

அவர் லாரி ஓட்டுகிறவர். வாழைக்கன்று ஏற்றிக்கொண்டு ஒடிசா போய் வந்த பிறகுதான் குளிர்காய்ச்சல். தேவாரம் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து விவாக்ஸ் மலேரியா (பெரும்பாலும் மாத்திரையில் அடங்கிவிடும் வகை) என்றார்கள். அடங்கவும் செய்தது. மனுஷன் சும்மா இருப்பாரா? எழுந்ததும் மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அதனால் தோள்வலிக்கு அந்த டேங்கைத்தான் குறை சொன்னேன்.

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் வழித்துவிட்டால் சுளுக்கு விடும் என்று எங்கள் தெருவே என்னிடம் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. விளக்கெண்ணெய் தடவித் தோளை வழித்தேன்.

"விலாவுக்குக் கீழயும் பிடிச்சாப்புல இருக்கு."

அங்கேயும் கட்டைவிரலை அழுத்தி வழித்தேன். அலறிவிட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, சட்டை வியர்வையில் நனைந்தது.

தேனியில் ஒரு மருத்துவமனை வராந்தா. "வயித்துல அடி ஏதும் பட்டுச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார். காலைல நல்லாத்தான் இருந்தாக."

பக்கத்தில் என் கணவரின் அக்கா நின்றிருந்தார். அவர் முன்னால் எப்படிச் சொல்வேன்? உள்ளே என் கணவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் திரும்பி நடந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"நான்தான் சார் அமுக்குனேன். சுளுக்குன்னு நெனச்சு, இங்கன, விலாவுக்குக் கீழ."

அவர் திட்டவில்லை. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மலேரியாவில் வீங்கியிருந்த மண்ணீரல் (இடது விலாவுக்குள் இருந்து ரத்தத்தைச் சலிக்கும் உறுப்பு) கிழிந்து, வயிறெல்லாம் ரத்தம். அது கிழிந்தால் வலி தோளில் தெரியுமாம். அறுவைச் சிகிச்சை செய்து மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள். அவர் கண் விழிக்கும்வரை நான் என் கைகளைப் பார்க்கவே இல்லை.

"தொடாமலேகூடக் கிழிஞ்சிருக்கலாம்மா. நீங்க சொன்னதால நேரம் மிச்சமாச்சு," என்றார் டாக்டர். முதலில் சொன்னதை நான் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

மண்ணீரல் இல்லாத உடம்பில் சாதாரணக் கிருமியும் வேகமாகப் பரவிவிடும். தடுப்பூசிகள் போட்டிருக்கிறோம். இருந்தாலும் உடம்பு லேசாகச் சுட்டாலே மருத்துவமனைதான். நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. போன வாரமும் அப்படித்தான் ஓடினோம். ரத்தம் பார்த்து, மதியம்வரை படுக்கவைத்து, வெறும் சளி என்று அனுப்பினார்கள்.

"அரை நாள் வீணாப்போச்சு செல்வி," என்றார் பேருந்தில்.

"வீணா? அந்த அரை நாளும் நீங்க இருந்தீகள்ல?" என்றேன்.